சர்வர் சுந்தரங்கள்

அவர் வீட்டுக்குப் போனால் காபி கிடைக்கும். கூடவே முறுக்கும் கிடைக்கும். மதிய நேரமாக இருந்தால் இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பாட்டு மட்டும் கிடைக்காது. இத்தனைக்கும் 1,200 சிடி உள்ள வீடு அது.

“ஒரு பாட்டுப் போடுங்களேன் சார்” என்று கேட்டால், “போடலாமே, எல்லாம் சர்வர்ல ஏறிட்டிருக்கு” என்பார். ரொம்ப காலமாக ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் ஆரம்பித்த வருஷம் கன்னிசாமியாக மாலை போட்டவர்கள் எல்லாம் இப்போது குருசாமி ஆகிவிட்டார்கள். சர்வர் இன்னும் அடிவாரத்தில்தான் நிற்கிறது. 1964இல் படத்தில் வந்த நாகேஷும் சர்வர்தான். அந்தச் சுந்தரமாவது கேட்டதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இப்படி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவர், மகள் அட்லாண்டாவில், பூஜை அறைக்கு அடுத்த அறையில் சர்வர் என்கிற, நீல விளக்கு மினுக்கும் கறுப்புப் பெட்டி. பெட்டியின் மேல் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருப்பதும், பக்கத்தில் யாரோ ஒருவருடைய சிடிகள் அட்டைப்பெட்டியோடு கிடப்பதும் எல்லா வீட்டுக்கும் பொதுவான அடையாளங்கள்தாம்.

சிடியில் இருக்கும் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு எடுப்பது, அவர் பாஷையில் ‘ரிப்’ செய்வது, சின்ன வேலை. நல்ல டிரைவ் இருந்தால் ஒரு சிடிக்குப் பத்து நிமிஷம் போதும். நம்மவர் பத்து நிமிஷத்தில் முடிகிற எதையும் தொடமாட்டார். ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்றொரு மென்பொருள் இருக்கிறது. அது சிடியின் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி படிக்கும், திரும்பவும் படிக்கும். கீறல் விழுந்த சிடி என்றால் ராத்திரி முழுக்க அந்த அறையிலிருந்து முனகல் கேட்கும். விடிந்ததும் ஓர் அறிக்கை வரும். பாட்டைக் கேட்டு அவர் தலையாட்டி நான் பார்த்ததில்லை. அந்த அறிக்கையைப் படித்துத் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதோடும் விடுவதில்லை. இதே சிடியை உலகத்தில் வேறு யாரெல்லாம் ரிப் செய்தார்களோ, அவர்களுடைய கணக்கோடு தன் கணக்கு ஒத்துப்போகிறதா என்று ‘அக்யுரேட்ரிப்’ பட்டியலில் பார்த்தாக வேண்டும். பீட்டில்ஸ் சிடி என்றால் ஊர் உலகமே சாட்சி சொல்ல வரும். நம்முடைய தவில் தனி ஆவர்த்தன சிடிக்கு யார் வருவார்கள்? “இந்த சிடியை உலகத்துலயே இதுவரைக்கும் ஒருத்தரும் ரிப் பண்ணலை சார்” என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரிவது பெருமையா, துக்கமா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

எடுத்த பாட்டை எம்பி3யில் வைக்கமாட்டார். அந்தப் பெயரைச் சொன்னாலே ரிச்சி தெருவில் ஒரு தட்டில் 150 பாட்டு விற்ற காலத்தை நினைத்து மூக்கைச் சுளிப்பார். 2001இல் வந்த ஃப்ளாக் என்ற கோப்பு வகைதான் அவருக்கு வேதம், அதில் ஒரு பிட்கூட இழப்பில்லை. சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், காதுக்கு எட்டும் எல்லை வரை எல்லாம் இருக்கிறது என்பார். யாருடைய காதுக்கு என்பதை நான் கேட்டதில்லை. அறுபது தாண்டிய காதில் மேல் ஸ்தாயிக் கூர்மை எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1950களின் மோனோ பதிவில் பாட்டோடு சேர்ந்து பதிந்துபோன ‘உஸ்’ஸென்ற இரைச்சல்கூட அவர் வீட்டில் ஓர் அணு குறையாமல் பத்திரமாக இருக்கிறது.

இடம் விஷயத்திலும் அப்படித்தான். ஃப்ளாக்கில் ஒரு சிடி 300, 400 எம்பி வரும். 1,200 சிடியும் அரை டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். இவர் வாங்கியிருப்பது 4 டெராபைட் டிஸ்க் நான்கு. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றிலிருந்து மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு ஒரு பேக்கப். அந்த பேக்கப்புக்கு ஒரு பேக்கப் தாம்பரத்தில் தம்பி வீட்டு அலமாரியில். தம்பிக்குப் பாட்டே பிடிக்காது.

இதெல்லாம்கூட மன்னிக்கத்தக்கவை. நான் சொல்ல வந்தது டேக் பற்றி.

ஆடியோ சிடியில் பொதுவாகப் பாட்டின் பெயர் இருப்பதில்லை. எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் எத்தனை விநாடி என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மென்பொருள் இணையத்தில் போய் ‘இது எந்த ஆல்பம்?’ என்று விசாரித்துக்கொண்டு வரும். சில சமயம் ஆள்மாறாட்டம் நடக்கும். ஒருமுறை சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாடல்களைப் போட்டார். ஏதோ ஒரு ஜெர்மன் பேண்டு வாத்தியக் குழுவின் பெயரோடு அது திரும்பி வந்தது. இன்னொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் பெயரை மாற்றியிருப்பார். இவர் அன்றைக்கு எடுத்த முடிவு, இனி யாரையும் நம்பாமல் 1,200 சிடிக்கும் தானே கையால் டேக் போடுவது என்பது.

டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள். பாட்டின் பெயர், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், வருஷம், வகை. வெள்ளைக்காரன் ஊரில் ஓர் ஆள் பாடுவான், அவன் பெயரிலேயே ஆல்பம் வரும், அவனுக்கு இந்தக் கட்டங்கள் போதும். நம் ஊர்ப் பாட்டில் ஆர்ட்டிஸ்ட் யார்? பாடியவரா, மெட்டுப் போட்டவரா, எழுதியவரா? டி.எம்.எஸ். பாடியதை ஜனங்கள் எம்.ஜி.ஆர். பாட்டு என்கிறார்கள். நம்மவருடைய மாமியார் “ஜெமினி பாட்டு ஒண்ணு போடுப்பா” என்று கேட்டதற்கு, “ஜெமினின்னா பி.பி.ஸ்ரீநிவாஸா, ஏ.எம்.ராஜாவா?” என்று கேட்டிருக்கிறார் மனிதர். அந்த அம்மாள் எழுந்து போய் சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இவர் அன்று ராத்திரியே ‘திரையில் தோன்றுபவர்’ என்று ஒரு புதுக் கட்டத்தை உண்டாக்கினார். ஃப்ளாக்கில் அந்த வசதி இருக்கிறது, எத்தனை கட்டம் வேண்டுமானாலும் நாமே சேர்த்துக்கொள்ளலாம். இவரிடம் அதை யாரும் சொல்லியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ராகம், தாளம், பாடலாசிரியர், பக்கவாத்தியம், ஒலிப்பதிவுக் கூடம் என்று கட்டங்கள் பெருகின. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள், அதுவரை ஒரு கட்டம், அதற்குப் பிறகு இரண்டு. எஸ்.பி.பி. ஒருவர்தான், ஆனால் ஒரு சிடி உறையில் பாலசுப்ரமணியம், இன்னொன்றில் பாலசுப்பிரமணியம், மற்றொன்றில் பாலு, வேறொன்றில் புள்ளி இல்லாத எஸ்பிபி. சர்வருக்கு இவர்கள் நான்கு பேர். நால்வரையும் ஒருவராக்க ஒரு கோடை முழுவதும் போயிற்று.

அப்புறம் இனிஷியல். அகர வரிசையில் போட்டுப் பார்த்தபோது பாதி சங்கீத உலகம் ‘எம்’மில் வந்து நின்றது. எம்.எஸ்., எம்.எல்.வி., எம்.டி.ராமநாதன், எம்.பாலமுரளிகிருஷ்ணா, எம்.கே.தியாகராஜ பாகவதர், கூடவே எம்.எஸ்.விஸ்வநாதன். நெரிசல் தாங்காமல் எல்லா இனிஷியலையும் விரித்து எழுதினார். மதுரை, மெட்ராஸ், மஞ்சப்பரா, மங்களம்பள்ளி, மாயவரம், மனயங்கத். அப்போதும் எல்லோரும் ‘ம’வில்தான் வந்து நின்றார்கள். அதைவிட, செல்போன் திரையில் இவ்வளவு நீளப் பெயருக்கு இடம் ஏது? பாகவதரைத் தேடினால் ‘மாயவரம் கிரு…’ என்று வரும். மறுபடியும் சுருக்கிக்கொண்டிருக்கிறார்.

ஆயிரத்தில் ஒருவன் கதை தனி. 1965இல் ஒரு படம், 2010இல் ஒரு படம். ஆல்பம் பெயர் ஒன்றுதானே என்று சர்வர் இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு, எம்.ஜி.ஆர். படத்துப் பாட்டு முடிந்த கையோடு ஜி.வி.பிரகாஷைப் பாட விட்டது. பெயருக்குப் பின்னால் வருஷத்தைச் சேர்த்துச் சரிசெய்தார். அன்றிலிருந்து நம் தயாரிப்பாளர்கள்மேல் அவருக்குத் தீராத கோபம். பில்லா, பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை, தில்லு முல்லு, நான் மகான் அல்ல என்று விரல்விட்டு எண்ணுவார். “டேக் போடுறவன் ஒருத்தன் இருக்கான்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தாங்களா சார்?” நினைத்திருக்கமாட்டார்கள்.

வகை என்ற கட்டத்தில் என்ன போடுவது? 1996இல் எம்பி3க்கு டேக் வந்தபோது எண்பது வகைகளைப் பட்டியல் போட்டார்கள். போல்கா உண்டு, டெத் மெட்டல் உண்டு, குறும்புச் சேட்டைக்குக்கூட ஒரு வகை உண்டு. கர்நாடக சங்கீதம் கிடையாது. இந்த அநீதியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். பாதி நியாயம் இருக்கிறது என்பதால் குறுக்கே பேசவும் முடியாது.

இதெல்லாம் சேர்ந்து உச்சத்துக்குப் போனது சுப்ரபாதத்தில். அந்த வீட்டம்மாவின் ஒரே கோரிக்கை அதுதான். “காலையில அஞ்சரைக்கு சுப்ரபாதம் கேக்கணுங்க, வேற ஒண்ணும் வேணாம்.” பழைய டூ-இன்-ஒன்னில் கேசட்டாக ஓடியவரை ஒரு தகராறும் இல்லை. சர்வர் வந்ததும் டூ-இன்-ஒன் பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. எம்.எஸ். பாடிய அந்தப் பதிவை எல்லோரையும்போல ‘எம்.எஸ்., சுப்ரபாதம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். முதலில் ஆர்ட்டிஸ்ட். கூடப் பாடும் ராதா விஸ்வநாதன் பெயரை விட்டால் பாவம் இல்லையா? சேர்த்தார். அடுத்து, ஒரே மூச்சாகக் கேட்பதைச் சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களம் என்று நான்காக வெட்டினார். வெட்டிய இடத்தில் அரை விநாடி மௌனம் விழுந்தது, அந்த அரை விநாடியை ஒழிக்க வேறு பிளேயர் தேடி ஒரு மாதம்.

பிறகு இயற்றியவர் கட்டம். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவருக்கு நடு ராத்திரியில் ஞாபகம் வந்தது, முதல் சுலோகம் அண்ணன் எழுதியதில்லையே! வால்மீகி ராமாயணத்தில் பால காண்டம், விசுவாமித்திரர் ராமனை எழுப்புகிற இடம். எழுந்து விளக்கைப் போட்டு வால்மீகியையும் சேர்த்தார். அப்படியானால் வருஷம்? எம்.எஸ். பாடிப் பதிவானது 1963. அண்ணன் பதினைந்தாம் நூற்றாண்டு. குத்துமதிப்பாக 1430 என்று போட்டுப் பார்த்தார். வருஷ வரிசையில் சுப்ரபாதம் முதல் ஆளாக நின்றது, அதற்குப் பின்னால் ஐந்நூறு வருஷம் சங்கீதமே இல்லை. “அது போகட்டும் சார், வால்மீகிக்கு என்ன வருஷம் போடுறது?” என்று என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதில்லை. அந்தக் கட்டம் கி.மு. எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டார்.

வீட்டம்மா இப்போது செல்போனில் கேட்கிறார். முதலில் செங்கல்பட்டுப் பக்கம் பிளாட் விற்கிற விளம்பரம் வருகிறது. ஏழுமலையான் அது முடிந்த பிறகு எழுந்துகொள்கிறார். பக்கத்து அறையில் வால்மீகி முதல் ராதா வரை எல்லோர் பெயரும் பிழையில்லாமல் பதிந்த சுப்ரபாதம் நீல விளக்கோடு தூங்குகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பாட்டுச் செயலியை வேண்டுமானாலும் திறந்து ஒரு பழைய கச்சேரியைத் தேடுங்கள். பாடியவர் பெயர் இருக்கும். பல நேரம் அதோடு சரி. வயலின் யார், மிருதங்கம் யார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சினிமாப் பாட்டில் எழுதியவர் பெயரைக் காணவே காணோம், மருதகாசி எல்லாம் பிறக்கவே இல்லை என்பதுபோல. ‘கு’வில் ஆரம்பித்தாலே ஒருவர்தான் என்று கு.மா.பாலசுப்பிரமணியத்தையும் கு.சா.கிருஷ்ணமூர்த்தியையும் குழப்பியடிக்கிறவர்கள் நடுவில் இவர் இருவரையும் தனித்தனியாக, ஒவ்வொரு பாட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். உறையில் பக்கவாத்தியம் போடாத ஒரு சிடி. அதன் தனி ஆவர்த்தனத்தை எத்தனையோ முறை கேட்டு, இது பாலக்காடு மணி ஐயர் கை இல்லை, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பிதான் இப்படிக் கும்கி பேசும் என்று முடிவுகட்டினார். பிறகு வயதான ஒரு வித்துவானைத் தேடிப் போய்க் காட்டி, அவர் ‘ஆமாம்’ என்று சொன்ன பிறகே கட்டத்தை நிரப்பினார். அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது அந்த மாதிரி வேளைகளில்தான். கேட்கும்போது அந்த முகத்தைப் பார்த்தால் மேற்படி புகார்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிடலாம்போலத் தோன்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அக்கம்பக்கத்தவர் நிலப் பத்திரத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். இவர் தூக்கிக்கொண்டு ஏறியது அந்தக் கறுப்புப் பெட்டியை. அரிசிப் பானை தண்ணீரில் மிதந்தது, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நனையவில்லை.

வாபஸ் வாங்கத்தான் இருந்தேன். ஆனால் என் சிடி?

என்னிடம் பதினேழு நாகஸ்வர சிடிகள் இருந்தன. ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், மற்றவர்கள். அட்டைப்பெட்டியோடு கேட்டு வாங்கிப் போனார். “ரெண்டே வாரம் சார், ரிப் பண்ணித் திருப்பித் தந்துடறேன்” என்றார். ரெண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. கேட்டால் முதலில், “டேக் முடியலை” என்றார். அப்புறம், தோடி ஆலாபனை இருக்கும் சிடியில் ஒரு ட்ராக்கில் பிழை வருகிறது என்றார். அதற்கு அடுத்த முறை, என் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, சிடியை ஒளியில் சாய்த்துக் காட்டி, “வட்டமா துடைச்சிருக்கீங்க சார். நடுவுலேருந்து விளிம்புக்கு நேராத் துடைக்கணும். வட்டமா துடைச்சா கீறல் தடத்தோடயே ஓடும், டிரைவ் தடுமாறும்” என்றார். விஷயம் சரிதான். அதற்காக என் சிடியை என் மாப்பிள்ளை முன்னால் வைத்துக்கொண்டு எனக்கே பாடமா? திருப்பித் தராத ஆள் தராமல் போவது ஒரு ரகம். இது, தராததற்குக் காரணம் நான்தான் என்று நம்ப வைக்கிற ரகம்.

ரொம்ப நெருக்கியதில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். காரில் சொருகினேன். நாயனக்காரர் பெயர், தவில்காரர் பெயர், ராகம், தாளம் என்று சுத்தத் தமிழில் அவர் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் என் கார் ஸ்டீரியோவில் வரிசையாகச் சதுரம் சதுரமாக வந்தன. அதற்குத் தமிழ் தெரியாது. ஃப்ளாக்கும் தெரியாது. இந்தக் கோப்பை வாசிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தானாகவே எஃப்.எம்.முக்குப் போய்விட்டது. அவரிடம் சொன்னேன். “காரை மாத்துங்க சார்” என்றார்.

சிடி கையில் வந்தாலும் எதில் போட்டுக் கேட்பீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, உண்மைதான். லேப்டாப்பில் சிடி போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். காரிலும் கிடையாது. இருந்தாலும் அவை என் சிடிகள். அவற்றில் இரண்டு, இப்போது இல்லாத ஒரு கடையில், இப்போது இல்லாத ஒரு நண்பரோடு போய் வாங்கியவை. அதற்கெல்லாம் டேக்கில் கட்டம் இல்லை, அவரே புதிதாக ஒன்று உண்டாக்கினாலும் நான் நிரப்பித் தருவதாக இல்லை.

இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. எனவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினேழு சிடி சார், உறையோடு, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளோடு. ரிப் ஆனது, ஆகாதது எல்லாவற்றையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், காபிகூட வேண்டாம்.

படித்ததும் போன் வரும், தெரியும். சிடியைப் பற்றிப் பேசுவதற்காக இருக்காது. சுப்ரபாதத்துக்கு 1963 என்று எழுதியிருக்கிறீர்களே, அது பதிவான வருஷமா, தட்டு வெளியான வருஷமா என்று கேட்பார்.